நேரமும் ஓரமும்: பிரிட்டனில் தோட்டத்திலும் வயல்வெளியிலும் உயிரினங்களைப் பார்ப்பது எப்படி

பிரிட்டனில் காட்டு உயிரினங்களைப் பார்க்க ஸ்காட்லாந்து மலைகளுக்குப் போக வேண்டும், விலையுயர்ந்த கேமரா வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் தொடங்குவதே இல்லை. இரண்டும் தேவையில்லை. இந்த நாட்டில் பெரிய காடுகள் குறைவு. அன்றாடம் பார்க்கக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மனிதர்கள் வாழும் இடத்துக்குள்ளேயே, வேலியடியிலும் கொட்டகைக்குப் பின்னாலும் கூரை இடுக்கிலும் குடியிருக்கின்றன. எந்த நேரத்தில் வரும், எந்த ஓரத்தில் வரும் என்று இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். நேரம் என்றால் விடியற்காலையும் அந்திப்பொழுதும். ஓரம் என்றால் புல்வெளி முடிந்து புதர் தொடங்கும் இடம், வயல் முடிந்து வேலிச்செடி தொடங்கும் இடம், தண்ணீர் முடிந்து சேறு தொடங்கும் இடம். ஓடி ஒளிய இடம் பக்கத்தில் இருந்தால்தான் சின்ன உயிர்கள் வெளியே தலைகாட்டும்.

அதனால் இடம் இடமாக அலையாதீர்கள். ஒரே ஜன்னல், ஒரே பாதை, ஒரே குளம் என்று வைத்துக்கொண்டு வருடம் முழுவதும் அதையே பாருங்கள். எது வழக்கம் என்று பழகிவிட்டால், வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடக்கும்போது தானாகக் கண்ணில் படும். தோட்டத்துச் சத்தமெல்லாம் திடீரென்று அடங்கினால் மேலே பாருங்கள், ஸ்பேரோஹாக் என்கிற சின்ன வேட்டைப்பறவை வேலி மேல் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

முதலில் காது, அப்புறம் கண்

பறவை பார்க்கத் தொடங்க நல்ல காலம் எது என்று கேட்டால் குளிர்காலம் என்றுதான் சொல்வேன். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். இலை உதிர்ந்துவிடுவதால் பறவை மறைய இடமில்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, அப்போது பாடுகிற பறவைகள் மிகக் குறைவு. டிசம்பரில் தோட்டத்தில் இனிமையாக, கொஞ்சம் சோகமாக ஏதாவது பாடினால் அது பெரும்பாலும் ராபின். ஆணும் பெண்ணும் தனித்தனியாகக் குளிர்கால எல்லை வகுத்துக்கொண்டு அதைக் காக்கப் பாடுகின்றன, தெருவிளக்கு வெளிச்சத்தில் நடு இரவில்கூடப் பாடும். இந்த ஒரு குரலை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் கிரேட் டிட் 'டீச்சர், டீச்சர்' என்று இரண்டு சுருதியில் தொடங்கும். மார்ச் நடுவில் சிஃப்சாஃப் வந்து தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லும். இப்படி மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் கற்றுக்கொண்டே வந்தால், மே மாதத்தில் எல்லாம் சேர்ந்து பாடும்போது நமக்குத் தலை சுற்றாது. நேராக மே மாதத்தில் தொடங்குகிறவர்களுக்கு எது எதன் குரல் என்று பிரித்தறிவது மிகவும் கஷ்டம்.

விடியற்காலைப் பாட்டைக் கேட்க ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை நல்ல காலம். சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிடும், அதாவது மே தொடக்கத்தில் தென் இங்கிலாந்தில் நீங்கள் நாலரை மணிக்கு எழுந்தாக வேண்டும். காற்றில்லாத, மழையில்லாத நாளாகப் பார்த்து எழுந்திருங்கள். முடியாதவர்களுக்கு அந்திப்பொழுது இருக்கிறது. கூரை உச்சியிலோ ஆன்டெனா மேலோ நின்று புல்லாங்குழல் போல நிதானமாகப் பாடுவது பிளாக்பேர்ட். ஆண் கறுப்பு, அலகு ஆரஞ்சு. பெண் பழுப்பு நிறம் என்பதால் பலர் அதை வேறு பறவை என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரே சொற்றொடரை இரண்டு, மூன்று, நான்கு முறை சொல்லிவிட்டு அடுத்த சொற்றொடருக்குப் போனால் அது சாங் த்ரஷ். புதருக்குள்ளிருந்து காதைத் துளைக்கிற சத்தம் வந்தால் ரென், பத்து கிராம் எடைகூட இருக்குமா என்கிற சின்ன உருவம். புறாக்களில் ஐந்து அசையாகக் கூவினால் வுட்பிஜன், மூன்று அசையாகக் கூவினால் காலர்ட் டவ். இந்த இரண்டாவது, நம் ஊர் கள்ளிப்புறாவேதான். ஆசியப் பக்கமிருந்து ஐரோப்பா முழுவதும் தானாகப் பரவி, பிரிட்டனில் 1955ல் நார்ஃபோக்கில்தான் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது. லண்டன் பூங்காக்களில் கீச்சிட்டுக்கொண்டு பறக்கும் பச்சைக்கிளிகளும் நாம் பார்த்துப் பழகிய அதே இனம், கூண்டிலிருந்து தப்பியவற்றின் வம்சம்.

மெர்லின் என்ற இலவசச் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், தொடங்குகிறவர்களுக்கு நிச்சயம் உதவும். ஆனால் அது சொன்னதை உடனே நம்பி எழுதிவிடாதீர்கள், அந்தப் பறவையைக் கண்ணால் தேடுங்கள். ஸ்டார்லிங் மற்ற பறவைகளின் குரலை அச்சு அசலாகப் பாடக்கூடியது, செயலியும் ஏமாறும். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×32 அல்லது 8×42 (எட்டு மடங்கு பெருக்கம், லென்ஸ் அகலம் 32 அல்லது 42 மி.மீ.) போதும். அதற்கு மேல் பெருக்கம் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும், பார்க்கும் பரப்பும் குறுகிவிடும்.

தீனியும் தண்ணீரும்

இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் சுத்தம் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். தோல் நீக்கிய சூரியகாந்தி விதை ஏறக்குறைய எல்லாப் பறவைக்கும் பிடிக்கும். வேர்க்கடலையை உப்பில்லாமல், கம்பி வலைத் தீனிக்கூண்டில் மட்டும் வையுங்கள், முழுக் கடலை குஞ்சின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சமைத்ததில் மிச்சமானது, உப்பு சேர்த்தது, எண்ணெயில் பொரித்தது எதுவும் வேண்டாம். புதரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி மாட்டினால் பறவைக்குத் தப்பி ஓட இடம் இருக்கும், பூனை பதுங்கி ஒரே பாய்ச்சலில் பிடிக்கவும் முடியாது.

வாரம் ஒருமுறையாவது தீனிக்கூண்டையும் தண்ணீர்த் தட்டையும் கழுவிக் காய வையுங்கள். டிரைக்கோமோனோசிஸ் என்கிற தொண்டை நோய் 2005 முதல் கிரீன்ஃபிஞ்ச் பறவைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருக்கிறது, ஒரு காலத்தில் எல்லாத் தோட்டத்திலும் இருந்த அந்தப் பறவை 2021ல் பெரும் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்கே போய்விட்டது. எச்சில் படும் தீனியும் தண்ணீரும் அந்த நோய் பரவும் வழிகள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, விழுங்க முடியாமல், கிட்டே போனாலும் பறக்காமல் ஏதாவது பறவை உட்கார்ந்திருந்தால் தீனி வைப்பதை உடனே நிறுத்துங்கள், சில வாரம் கழித்துத் தொடங்கினால் போதும். கழுவ நேரமில்லை என்றால் தீனி வைக்காமல் இருப்பதே பறவைக்கு நல்லது.

இருட்டிய பிறகு

தோட்டத்தின் பாதி வாழ்க்கை நாம் தூங்கும்போது நடக்கிறது. முள்ளெலி உங்கள் தோட்டத்துக்கு வருகிறதா என்று தெரிந்துகொள்ளக் காலையில் புல்லைப் பாருங்கள். கறுப்பாக, பளபளப்பாக, சுண்டுவிரல் நீளத்தில், உள்ளே வண்டு ஓட்டுத் துண்டுகள் மினுங்குகிற எச்சம் கிடந்தால் இரவில் வந்து போயிருக்கிறது. ஒரே இரவில் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் நடக்கிற பிராணி அது, ஒரு தோட்டத்துக்குள் அதை அடைத்து வைக்க முடியாது. அதனால் தீனியை விட முக்கியமான உதவி வேலியின் அடியில் 13 செ.மீ.க்கு 13 செ.மீ. அளவில் ஓர் ஓட்டை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி அவர் பக்கமும் வழிவிடச் சொல்லுங்கள், முடிந்தால் தெரு முழுவதும். பால் வைக்காதீர்கள், முள்ளெலிக்குச் செரிக்காது. ஆழமில்லாத தட்டில் தண்ணீரும், இறைச்சி சேர்ந்த பூனை உணவு கொஞ்சமும் போதும். நவம்பர் வாக்கில் உறங்கப் போய் மார்ச், ஏப்ரலில் எழும். நவம்பர் 5 அன்று இங்கே கொண்டாட்டமாக மூட்டும் நெருப்புக்கு முன்னால் அடுக்கி வைத்த விறகைப் பிரித்துப் பார்க்காமல் பற்றவைக்கவே கூடாது. நீண்ட புல்லை ஸ்ட்ரிம்மர் என்கிற கைப் புல்வெட்டியால் வெட்டும் முன்பும் குனிந்து பார்த்துவிடுங்கள்.

ஜனவரி இரவில் யாரோ கழுத்தை நெரிப்பது போல அலறல் கேட்டால் பயப்பட வேண்டாம், நரிகளுக்கு அது இணை சேரும் காலம். குட்டிகள் மார்ச், ஏப்ரலில் பிறந்து, மே மாதத்தில் வெளியே வந்து கொட்டகைப் பக்கம் உருண்டு விளையாடும். விளக்கை அணைத்துவிட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பதுதான் நல்ல வழி. கையால் ஊட்டிப் பழக்கிவிடாதீர்கள். மனிதரிடம் பயம் போன நரிக்கு அடுத்த தெருவில் ஆபத்து காத்திருக்கும்.

வௌவாலுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலம். சூரியன் மறைந்து சுமார் இருபது நிமிடம் கழித்து, வானம் இன்னும் வெளுப்பாக இருக்கும்போது, வீட்டு மூலைக்கும் மரத்துக்கும் நடுவில் வெட்டி வெட்டிப் பறப்பது பெரும்பாலும் பிபிஸ்ட்ரெல். ஐந்து கிராம்தான் இருக்கும், ஆனால் ஒரே இரவில் மூவாயிரம் பூச்சி வரைகூடத் தின்னும் என்கிறார்கள். அதன் ஒலி மனிதக் காதுக்கு எட்டாது. கையடக்கமான வௌவால் டிடெக்டர் வாங்கி 45 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால் சாதாரண பிபிஸ்ட்ரெலும், 55 பக்கம் வைத்தால் சொப்ரானோ பிபிஸ்ட்ரெலும் ஈரமான தட்டல்களாகக் கேட்கும். கேட்டுப் பாருங்கள், தோட்டத்தைப் பற்றிய எண்ணமே மாறிவிடும். கூரைக்குள் வௌவால் தங்கியிருந்தால் கலைப்பதோ வழியை அடைப்பதோ சட்டப்படி குற்றம்.

அக்டோபர், நவம்பரில் ஆந்தைச் சத்தம் அதிகம். 'கெவிக்' என்று கூர்மையாக ஒன்று, அதற்குப் பதிலாக நடுங்கும் குரலில் 'ஹூ... ஹூஊ' என்று இன்னொன்று கேட்டால் அவை இரண்டு டானி ஆந்தைகள். முன்னது பெரும்பாலும் பெண், பின்னது ஆண். வட அயர்லாந்தில் இருப்பவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம், டானி ஆந்தை அங்கே இல்லை. பாம்பும், மண்ணுக்குள் சுரங்கம் தோண்டும் மோலும்கூட அங்கே கிடையாது.

கொஞ்சம் புல்லை விட்டுவையுங்கள்

புல்வெளியின் ஓர் ஓரத்தை மட்டும் கோடை முழுவதும் வெட்டாமல் விடுங்கள். இதற்குச் செலவே இல்லை, பலன் அதிகம். மூலையில் நெட்டில் என்கிற தொட்டால் அரிக்கும் செடி வெயில் படும் இடத்தில் முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், பீகாக், ஸ்மால் டார்டாய்ஸ்ஷெல் ஆகிய இரண்டு அழகான வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களும் அதைத்தான் தின்னும். மார்ச்சில் முதல் வெதுவெதுப்பான நாளில் எலுமிச்சை மஞ்சளில் ஒன்று பறந்து போனால் அது பிரிம்ஸ்டோன்.

குளம் வெட்ட இடமில்லையா? பாத்திரம் கழுவும் தொட்டி அளவுக்குத் தண்ணீர் வைத்தாலும் ஏதாவது வரும், ஏறி வெளியே வரக் கல் அடுக்கி வைக்க மறந்துவிடாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஜெல்லிக் கட்டியாக மிதப்பது தவளை முட்டை, செடியைச் சுற்றி நீளச் சரமாக இருப்பது தேரை முட்டை. வேறு குளத்திலிருந்து முட்டையை அள்ளி வராதீர்கள், நோயும் களைச்செடியும் கூடவே வந்துவிடும். தவளை தானாக வழி கண்டுபிடித்து வரும்.

மக்கு உரக் குவியலைக் கிளறும்போது செம்பு நிறத்தில் வழவழப்பாக ஏதாவது நெளிந்தால் மண்வெட்டியை ஓங்காதீர்கள். அது ஸ்லோவோர்ம், காலில்லாத பல்லி, கண் சிமிட்டும், நத்தையைத் தின்று உங்கள் செடிகளைக் காப்பாற்றும். கழுத்தில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை இருந்தால் புல்பாம்பு, விஷமில்லை. பிரிட்டனின் ஒரே விஷப்பாம்பு ஆடர், முதுகு நெடுக வளைந்து வளைந்து போகும் பட்டை, தோட்டத்தில் அபூர்வம், ஹீத் என்கிற குட்டைப் புதர் நிலங்களில் மார்ச் வெயிலில் படுத்திருக்கும். தள்ளி நின்று பாருங்கள், தொடாதீர்கள். யாரையாவது கடித்துவிட்டால் 999ஐ அழையுங்கள்.

வயல் பக்கம் போகும்போது

ஆர்ட்னன்ஸ் சர்வே என்கிற வரைபட நிறுவனத்தின் 1:25,000 வரைபடத்தில் பச்சை நிறப் புள்ளிக்கோடாகக் காட்டியிருப்பவை பொது நடைபாதைகள், தனியார் வயல் நடுவே போனாலும் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளமாக நடக்க விடுகிறது. வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்லுங்கள். கன்றுடன் இருக்கும் மாடுகளிடமிருந்து விலகி நடங்கள். பாதையை விட்டு விலகியும் யாரும் நடக்கலாம் என்று அனுமதித்திருக்கும் இங்கிலாந்தின் திறந்த நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக.

முகத்தில் காற்று அடிக்கும் திசையில் நடந்தால் மான் உங்கள் வாசனையை அறியாது. வேலிச்செடி ஓரமாகவே போய், வளைவுகளிலும் கதவுகளிலும் நின்று, முதலில் தலையை மட்டும் நீட்டிப் பாருங்கள். விடியலில் மர ஓரத்தில் ரோ மான் மேயும், பின்புறம் வெள்ளைத் திட்டு. தென் இங்கிலாந்தில் நாய் அளவுக்கு, முதுகு வளைந்து, விடாமல் குரைப்பது முண்ட்ஜாக் மான். ஹேர் என்கிற பெரிய முயல் மட்டும் ஓரத்தை நம்பாமல் வேகத்தை நம்பி வயல் நடுவிலேயே படுத்திருக்கும், காது நுனி கறுப்பு. மார்ச்சில் இரண்டு ஹேர்கள் எழுந்து நின்று குத்துச்சண்டை போட்டால் பெரும்பாலும் பெண், ஆணை விரட்டுகிறது.

நெடுஞ்சாலை ஓரப் புல்லுக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பது கெஸ்ட்ரல். வால் பிளந்த பெரிய பருந்து ரெட் கைட். வேல்ஸில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்த இந்தப் பறவையை 1989 முதல் சில்டர்ன் குன்றுகளில் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள், இன்று அந்தக் குன்றுகளைக் கடக்கும் எம்40 நெடுஞ்சாலையில் போனாலே தலைக்கு மேல் வட்டமிடுகிறது. ஓடைப் பாலத்தில் நின்றால் மெல்லிய சீழ்க்கை கேட்டவுடன் தண்ணீர் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள், மீன்கொத்தி அதற்குள் கடந்து போயிருக்கும், நீலக்கோடு மட்டும் கிடைக்கும்.

வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்கிற இரவு விலங்கைப் பார்க்கப் பொறுமை வேண்டும். மே, ஜூனில் வெளிச்சம் இருக்கும்போதே வளையை விட்டு வெளியே வருவதால் அதுதான் சரியான காலம். வளை வாயின் அகலம் உயரத்தைவிட அதிகம், முன்னால் மண் மேடு, பழைய வைக்கோலும் இலையும் கிடக்கும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே, காற்று வளையிலிருந்து உங்களை நோக்கி வரும் பக்கமாக, மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். வளையைத் தொந்தரவு செய்வது 1992ஆம் ஆண்டு பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளை இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடவே போடாதீர்கள், நாய்களை ஏவி வேட்டையாடுகிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

எதுவும் தென்படாத நாளில் தரையைப் படியுங்கள், எனக்கு இதுவே மிகவும் பிடித்த பகுதி. சேற்றில் ஐந்து விரல் ஒரே வரிசையில், நீண்ட நகத்தோடு பதிந்திருந்தால் பேட்ஜர். நான்கு விரல், குறுகலாக நீண்ட தடம் நரி. புல்வெளியில் இறகுகள் சிதறிக் கிடந்தால் ஒன்றை எடுத்துத் தண்டைப் பாருங்கள்: முழுசாகப் பிடுங்கப்பட்டிருந்தால் வேட்டைப்பறவை, கடித்து அறுபட்டிருந்தால் நரி. இரண்டாகப் பிளந்த ஹேசல் கொட்டை அணிலின் வேலை, பல் தடத்தோடு ஓட்டை போட்டது எலி. கல்லைச் சுற்றி உடைந்த நத்தை ஓடுகள் கிடந்தால் சாங் த்ரஷ் அந்தக் கல்லில் அடித்துத் தின்றிருக்கிறது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் மறுபடி வரும்.

வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் எல்லாம் டிக் என்கிற உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். பின்வரும் வாரங்களில் வட்டமாகப் பரவும் தடிப்பு வந்தால் லைம் நோயாக இருக்கலாம், ஜிபி என்கிற குடும்ப மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

எப்போது உதவ வேண்டும், எப்போது கூடாது

மே, ஜூனில் இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் அது அநாதை இல்லை. தாய் தந்தை பக்கத்தில்தான் இருக்கும், பூனையை வீட்டுக்குள் வைத்துவிட்டு நீங்களும் உள்ளே போங்கள். புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும் மான்குட்டியும் அப்படித்தான், தொடவே கூடாது. ஆனால் பகலில் தள்ளாடும் முள்ளெலி, பூனை கவ்விய பறவை, தரையில் கிடக்கும் வௌவால் ஆகியவற்றுக்கு உதவி வேண்டும். கையுறை போட்டு, காற்றோட்டமுள்ள பெட்டியில் துணி விரித்து வைத்து, உள்ளூர் வனவிலங்கு மீட்பு மையத்தையோ, விலங்கு நல அமைப்புகளான இங்கிலாந்து, வேல்ஸின் ஆர்எஸ்பிசிஏவையோ, ஸ்காட்லாந்தின் எஸ்எஸ்பிசிஏவையோ கேளுங்கள். வேலிச்செடி வெட்டும் வேலையை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வைத்துக்கொள்ளாதீர்கள், பயன்பாட்டில் உள்ள கூட்டைத் தெரிந்தே கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

பார்த்ததை எழுதி வையுங்கள்: என்ன, எத்தனை, எங்கே, எந்தத் தேதி. ஐரெக்கார்ட் என்கிற உயிரினப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் நிபுணர்கள் சரிபார்ப்பார்கள். ஜனவரி கடைசி வார இறுதியில் ஆர்எஸ்பிபி என்கிற பறவைப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு 1979 முதல் நடக்கிறது. ஒரு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு இனத்திலும் ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை கண்ணில் பட்டன என்று மட்டும் குறிக்க வேண்டும், வந்து வந்து போவதைக் கூட்டக் கூடாது. எதுவுமே வராவிட்டாலும் அதையும் அனுப்புங்கள். சாதாரணப் பறவைதானே என்று சிட்டுக்குருவியையும் ஸ்டார்லிங்கையும் விட்டுவிடாதீர்கள், இரண்டும் இன்று பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன.